வெளுக்கிறவள் சொல்லட்டும்

புஷ்பவள்ளிக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. எப்படிப் போனது என்று கேட்கிறவர்களிடம் "சக்கரைங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள். ஆஸ்பத்திரிச் சீட்டிலும் அதுதான் எழுதியிருக்கிறது. ரெண்டு வீடு தள்ளி இருந்து எல்லாவற்றையும் பார்த்தவள் நான். சீட்டில் எழுதாததை இங்கே எழுதுகிறேன்.

முதல் புண்ணுக்குக் காரணம் நான்தான். சுனாமி வந்த மறுவாரம், நான் பிறந்த ஊரான கடலூர் முதுநகரில் எங்கள் பங்குக் கோயிலில் வேலைக்கு ஆள் கேட்டார்கள். எங்கெங்கிருந்தோ லாரி லாரியாகப் பழந்துணி வந்து இறங்கியிருந்தது. கிழிசல், பூஞ்சை பிடித்தது, எலி கடித்தது எல்லாம் கலந்து மதில் உயரத்துக்குக் கிடந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்கு இந்த நாற்றத்தோடு எப்படிக் கொடுப்பது என்று சாமியார் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். எனக்குப் புஷ்பவள்ளி ஞாபகம் வந்தது. நாங்கள் குடியிருக்கிற சிதம்பரம் திரும்பி அவளைக் கூப்பிட்டேன்.

"உங்க சாமி வேற, எங்க சாமி வேறக்கா."

"துணிக்கு என்னாடி சாமி?"

"அதுவும் சரிதான்" என்று வெள்ளாவிப் பானையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். பானைக்கும் டிக்கெட் எடு என்றார் கண்டக்டர். "அதுக்கு மடி இருக்குதுங்க, சீட்டு வேணாம்" என்று மடியில் வைத்துக்கொண்டே கடலூர் வந்தாள்.

ஒன்பது நாள் உப்புத் தண்ணீர் ஏறிய சேற்றில் நின்று துவைத்தாள். பத்தாம் நாள் வலது கால் கட்டை விரல் இடுக்கில் ஒரு புண். ஆண்டவருக்குச் செய்த வேலையில் வந்த புண், தானே ஆறிவிடும் என்று நான் சொன்னேன். அவளும் நம்பினாள்.

அப்போது அவளுக்கு முப்பது வயது. கட்டிய வைத்திலிங்கம் வேறொருத்தியோடு திருப்பூர் போய் ஆறு வருடம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. அவன் விட்டுப்போன தாய் விருத்தாம்பாளுக்குக் கடைசிவரை கஞ்சி ஊற்றியது இவள்தான். அந்த மாமியார் சாகும்போது மருமகளுக்கு விட்டுப்போனது ரெண்டு. நாற்பது வீட்டுக் குறி. ஒரு கட்டளை.

குறி என்பது துணி ஓரத்தில் சேங்கொட்டைப் பாலால் போடும் அடையாளம். ஒரு புள்ளியும் ஒரு கோடும் என்றால் ஒரு வீடு, மூன்று புள்ளி என்றால் வேறு வீடு. எது யாருடையது என்று வெளுக்கிறவளுக்கு மட்டும்தான் தெரியும். கட்டளை, துணியில் பார்த்ததை வாயால் சொல்லாதே என்பது. எங்கள் பக்கத்தில் பெண் கேட்டு வருகிறவர்கள், பெண் வீட்டுப் படி ஏறும் முன்னால் அந்தத் தெருவில் துணி எடுக்கிறவளைத் தேடிப் போவார்கள். பெண்ணுக்கு மாதா மாதம் ஒழுங்காக வருகிறதா, வீட்டில் சீக்காளி உண்டா, குடி உண்டா, எல்லாம் துணிக்குத் தெரியும். விருத்தாம்பாள் யாரிடமும் எதுவும் சொன்னதில்லை. நல்லதுகூடச் சொன்னதில்லை.

"ஒரு வூட்ட நல்ல வூடுன்னு சொல்லிட்டா, நாம சொல்லாம வுட்ட வூடெல்லாம் கெட்ட வூடா ஆயிடும்டி" என்பாள்.

புஷ்பவள்ளியும் அப்படியே இருந்தாள். கேட்டு வருகிறவர்களிடம் ஒரே ஒரு வரி சொல்லி அனுப்புவாள். "நான் எந்த வூட்டுப் பேச்சும் பேசறதில்லம்மா. தெருவுல யார வேணா கேட்டுப் பாருங்க." அவர்களும் தெருவில் விசாரிப்பார்கள், அவள் அப்படித்தான் என்று தெரிந்துகொண்டு போய்விடுவார்கள். அதுவரை ஒரு கல்யாணமும் அதனால் நின்றதில்லை.

நான் சமையல் வேலை பார்த்தது ராமாமிர்தம் அம்மா வீட்டில். மின்வாரியத்தில் இருந்த அவர் கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகள் சுவேதா. சுனாமிக்கு மறு வருடம் அவளுக்கு இருபத்தொன்று, இங்கிலீஷில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுத் துணியும் புஷ்பவள்ளிதான் எடுத்தாள்.

புண் ஆறவில்லை. ஆறு மாதம் கழித்து டாக்டரிடம் காட்டியபோது சக்கரை இருக்கிறது என்றார். "இனிமே தண்ணியில நின்னியானா விரல் போவும். அப்பறம் பாதம் போவும். மொழங்காலு வரைக்கும் போவும். வேற வேலை பாத்துக்க" என்றார். வாய்க்காலில் நிற்காமல் வெளுப்பது எப்படி? கான்சாகிப் வாய்க்கால்தான் அவளுக்குத் துறை. அதில் இறங்காத நாள் அவளுக்குச் சோறு இல்லாத நாள்.

அந்தச் சமயத்தில்தான் கடலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி கட்டுகிறார்கள், முடிந்ததும் துணி அறைக்கு ஒரு பொம்பளை எடுப்பார்கள் என்று காதில் விழுந்தது. படுக்கை விரிப்பு, ஆபரேசன் துணி எல்லாம் எத்தனை போனது, எத்தனை வந்தது என்று பார்த்து எழுதுகிற வேலை. நாற்காலி உண்டு. தரை காய்ந்திருக்கும். பத்தாவது படித்திருக்க வேண்டும், வெளியூர் டாக்டர்கள் பேசினால் புரிகிற அளவு இங்கிலீஷ் வேண்டும். பத்தாவது அவள் பாஸ் செய்தவள். இங்கிலீஷுக்கு எங்கே போவது?

"நான் சொல்லித் தர்றேன் புஷ்பா" என்றாள் சுவேதா. "ஆனா என் சுடிதாரெல்லாம் நீ தனியா, கையாலயே தொவைச்சுக் கொண்டாரணும்."

வாரம் ஒருநாள், சனிக்கிழமை சாயங்காலம், கொல்லையில் துவைக்கிற கல்லில் சுவேதா உட்காருவாள். கீழே தரையில் புஷ்பவள்ளி நோட்டோடு உட்காருவாள். அடுப்படி ஜன்னலுக்கு நேரே அந்தக் கல். வெங்காயம் உரித்துக்கொண்டே நான் எல்லாவற்றையும் கேட்பேன்.

"உனக்குத் தெரிஞ்ச தொழில்லேர்ந்தே ஆரம்பிக்கலாம்" என்றாள் சுவேதா. "இங்கிலீஷ்ல தொவைக்கறத வச்சு நெறய பேச்சு இருக்கு. இதுல ரெண்டு எடுத்து வுட்டா மேனேஜரே எழுந்து நின்னுடுவான். எழுதிக்க. வாஷ் டர்ட்டி லினன் இன் பப்ளிக்."

புஷ்பவள்ளி தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டாள்.

"அழுக்குத் துணிய ஊர் நடுவுல தொவைக்கறதுன்னு அர்த்தமில்ல. வூட்டுக்குள்ள இருக்கற அசிங்கத்த நாலு பேர் முன்னாடி பேசறது. யாராவது புருசன் பொண்டாட்டி சண்டைய தெருவுல போட்டா அப்ப சொல்லணும். டோன்ட்னு முன்னாடி சேத்துக்கிட்டா, அப்புடிச் செய்யாதன்னு ஆயிடும்."

புஷ்பவள்ளி நோட்டிலிருந்து நிமிர்ந்தாள். "அழுக்க வெளியிலதாம் பாப்பா தொவைக்கணும். வூட்டுக்குள்ளயே வச்சிருந்தா நாறிப்பூடும். யாரு வூட்டு அழுக்குன்னு சொல்லாம தொவைச்சா போதாதா?"

சுவேதா கைதட்டிச் சிரித்தாள். "இத நான் காலேஜ்ல சொல்லப் போறேன்."

இன்னொரு வாரம், டேக்கன் டு தி க்ளீனர்ஸ். வெளுக்கிறவர்களிடம் கொண்டுபோனது என்று வார்த்தை; அர்த்தம், ஒருத்தனை ஏமாற்றி கையில் இருப்பதையெல்லாம் பிடுங்கிக்கொள்வது. சீட்டுக்கம்பெனிக்காரன் ஓடிப்போனால் அவனிடம் ஏமாந்தவன் இப்படிச் சொல்லிப் புலம்பலாம்.

"வெள்ளைக்காரன் ஊருலயும் பழி எங்க ஆளுங்க மேலதானா?" என்றாள் புஷ்பவள்ளி.

இட் வில் ஆல் கம் அவுட் இன் தி வாஷ், அதாவது வெளுத்தால் எல்லாம் வந்துவிடும் என்பதற்கு சுவேதா ரெண்டு அர்த்தம் சொன்னாள். கவலைப்படுகிறவளைத் தேற்றுவதற்குச் சொன்னால், போகப்போக எல்லாம் சரியாகிவிடும். மறைத்து வைக்கிறவனைப் பார்த்துச் சொன்னால், ஒருநாள் உண்மை வெளியே வந்துவிடும். எந்த இடத்தில் சொல்கிறோம் என்பதில்தான் இருக்கிறது என்றாள்.

"எல்லாக் கறையும் போவாது பாப்பா. பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புல வேலை செய்யறவங்க துணி பாத்திருக்கியா? அந்தப் பாலு பட்டா துணி கிழியற வரைக்கும் போவாது."

"நீ அர்த்தத்த மட்டும் எழுது. எதுத்துப் பேசாத."

தட் வோன்ட் வாஷ் என்றால் அந்தச் சாக்கு இங்கே எடுபடாது. ஹங் அவுட் டு ட்ரை என்றால் கூட இருந்தவர்களே ஆபத்து நேரத்தில் ஒருத்தரைத் தனியாக மாட்டிவிட்டுப் போவது. வாஷ்ட் அப் என்றால் இனி எதற்கும் உதவாத ஆள். எனக்குச் சட்டென்று புரிந்தது ஒன்றுதான்: வாஷ் யுவர் ஹேண்ட்ஸ். இனி எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று விலகுவது. பெரிய வெள்ளிக்கிழமை கோயிலில் வாசிப்பார்களே, ஆண்டவருக்குத் தீர்ப்புச் சொல்லவேண்டிய அதிகாரி தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் கையைக் கழுவிக்கொண்டது. அடுப்படியில் இருந்தபடியே அதைச் சொன்னேன். "ஆமா சவரியம்மா, அதேதான்! நீயும் சேந்துக்க" என்றாள் சுவேதா.

அவள் சொல்லிக்கொடுத்தது பொய்யான பாசம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் புஷ்பவள்ளி கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டு போனதும் செல்போனில் யாருக்கோ சொல்லுவாள்: "எங்க வண்ணாத்திக்கு இடியம்ஸ் நடத்தறேன்டி. செம காமெடி." புஷ்பவள்ளியிடம் அதை நான் சொன்னதில்லை. தினமும் காலையில் வாய்க்காலுக்குப் போகும்போது காலில் பாலிதீன் பையைச் சுற்றி ரப்பர் போட்டுக்கொண்டு, அவள் அந்த வரிகளை முணுமுணுத்துக்கொண்டே போவாள்.

ரெண்டாயிரத்து ஏழு ஆவணியில் சுவேதாவுக்குக் கடலூரிலிருந்து ஒரு வரன் வந்தது. என்ஜினியர், சிங்கப்பூர். ஜாதகம் பொருந்தி, போட்டோ பிடித்து, பூ வைக்க நாள் பார்க்கும் கட்டம். மாப்பிள்ளையின் தாயார் ஒரு காரில் வந்து புஷ்பவள்ளி வாசலில் இறங்கினார். நான் அப்போது அவளோடு உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தேன்.

"ராமாமிர்தம் வூட்டுக்குத் துணி எடுக்கறது நீதானே? பொண்ணு எப்புடி?"

புஷ்பவள்ளி எழுந்து நின்று அந்த வரியைச் சொன்னாள். "நான் எந்த வூட்டுப் பேச்சும் பேசறதில்லம்மா. தெருவுல யார வேணா கேட்டுப் பாருங்க."

"மறைக்கறதுக்கு ஒண்ணுமில்லாத வூடுன்னா சொல்லிட்டுப் போயேன். என்னா இப்ப?"

"எந்த வூட்டுக்குமே சொல்றதில்லம்மா. எங்க மாமியா காலத்துலேர்ந்து அப்புடி. இதோ இந்த அக்காவக் கேளுங்க."

நான் தலையை ஆட்டினேன். அந்த அம்மா ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "எங்க தெரு வண்ணாத்தி நல்ல பொண்ணுன்னா வாய் நெறயச் சொல்லுவா. சொல்லாததுக்கு அர்த்தம் எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். தெருவில் யாரையும் கேட்கவில்லை. மறுநாள் வரன் நின்றது.

புஷ்பவள்ளி ரெண்டு நாள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "நல்ல பொண்ணுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்னாடி?" என்று கேட்டேன்.

"பாப்பாவுக்குச் சொல்லிட்டு, நாளைக்கு எதுத்த வூட்டுக்கு வந்து கேட்டா எப்புடிக்கா சொல்லாம இருப்பேன்? எதுத்த வூடு கெட்ட வூடுன்னு ஆயிடாதா?"

"அந்தப் பொண்ணு துணியில ஏதாவது..." என்று ஆரம்பித்தேன். ஈரக் கையால் என் வாயைப் பொத்தினாள். இன்றுவரை எனக்குத் தெரியாது. ஏதாவது இருந்ததா, ஒன்றுமே இல்லையா என்பதுகூடத் தெரியாது.

ராமாமிர்தம் அம்மா சத்தம் போடவில்லை. கத்திரிக்கோலை எடுத்து வரச் சொன்னார். வீட்டில் இருந்த விரிப்பு, தலையணை உறை, துண்டு, பாவாடை ஒவ்வொன்றையும் விரித்து, குறி போட்ட ஓரத்தை மட்டும் வெட்டி எடுத்தார். புதுத் துணியைக்கூட விடவில்லை. வெட்டின துண்டுகள் ஒரு முறம் நிறைய ஆனது. "சவரியம்மா, இதக் கொண்டுபோய் அவகிட்ட கொட்டு. என் வூட்டு அடையாளம் அவ கையில இருக்கக் கூடாது" என்றார்.

நான் கொண்டுபோய்க் கொட்டினேன். புஷ்பவள்ளி ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஓரம் மடித்து அடுக்கி வைத்தாள்.

அதோடு முடிந்திருக்கலாம். அடுத்த வாரம் அரக்கு நிறப் பட்டுப்புடவை ஒன்று காணோம் என்று ராமாமிர்தம் அம்மா தெருவில் சொன்னார். யார் எடுத்தது என்று சொல்லவில்லை. "வெளுக்கப் போட்டதுதான், வரல" என்று மட்டும் சொன்னார். அந்தப் புடவை பீரோவின் மேல் தட்டில் இருந்தது. அந்துருண்டை வைத்து மடித்து வைத்தவளே நான்தான். வாயைத் திறந்தால் எனக்கு வேலை இல்லை. நான் திறக்கவில்லை. நாற்பது வீடு பதினொரு வீடானது. பதினொரு வீட்டுத் துணியில் மருந்து வாங்க முடியாது என்பதால், ஒரு லாட்ஜின் விரிப்புகளையும் சேர்த்து எடுத்து, முன்னைவிட ஜாஸ்தி நேரம் தண்ணீரில் நின்றாள். கட்டை விரலை அந்த மார்கழியில் எடுத்தார்கள்.

"பாப்பாவுக்கு என் மேல கோவம் இல்லக்கா. கீழ வீதியில பாத்துது, சிரிச்சுது" என்பாள். நோட்டை விடவில்லை. அந்த வேலை ஒன்றுதான் அவளுக்கு மிச்சம் இருந்தது. அது கிடைத்தால் பாதம் தப்பும்.

ரெண்டாயிரத்து எட்டு சித்திரையில் கடலூர் ஆஸ்பத்திரியிலிருந்து இன்டர்வியூவுக்குக் கடிதம் வந்தது. கோயிலில் வேலை இருக்கிறது என்று பொய் சொல்லி லீவு எடுத்துக்கொண்டு நானும் கூடப் போனேன். கட்டுப் போட்ட காலுக்கு ஒரு அளவு பெரிய செருப்பு. கஞ்சி போட்டு விறைப்பாக இஸ்திரி போட்ட நூல் புடவை. பெயின்ட் வாசனை போகாத புதுக் கட்டடம். அறைக்கு இன்னும் கதவு மாட்டவில்லை, ஒரு திரைதான். நான் திரைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன்.

உள்ளே மூன்று நாற்காலி. அருள்மொழி என்ற மேனேஜர், ஒரு தலைமை நர்ஸ், மூன்றாவது சுவேதா. நர்சுகளுக்கு இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொடுக்க வாரம் மூன்று நாள் அங்கே வருகிறாள் என்பது எங்களுக்குத் தெரியாது.

"பாப்பா!" என்றாள் புஷ்பவள்ளி. அந்தச் சந்தோஷம் வெளியே எனக்குக் கேட்டது.

"உக்காருங்க" என்றாள் சுவேதா. பத்து வருடமாக நீ, வா, போ என்றுதான் கூப்பிட்டாள். அன்றைக்குத்தான் முதல் முறை "ங்க" போட்டாள்.

மேனேஜர் பெயர், ஊர், படிப்பு கேட்டார். விரிப்பில் ரத்தக் கறை எப்படி எடுப்பாய் என்று நர்ஸ் கேட்டார். பச்சைத் தண்ணீர், உப்பு, வெந்நீர் கூடவே கூடாது என்று புஷ்பவள்ளி சொன்னதும் "கரெக்ட்" என்றார் நர்ஸ். பிறகு சுவேதா.

"ஹங் அவுட் டு ட்ரை. மீனிங் சொல்லுங்க."

"கூட இருக்கறவங்களே ஒருத்தர ஆபத்துல தனியா வுட்டுட்டுப் போறதும்மா."

"தட் வோன்ட் வாஷ்?"

"அந்தச் சாக்கு எடுபடாது."

"வாஷ்ட் அப்?"

"இனிமே ஒண்ணுக்கும் ஆவாத ஆளு."

"பரவால்லியே!" என்று மேனேஜர் சிரித்தார். "எனக்கே தெரியாது மேடம். எங்க படிச்சீங்கம்மா?"

புஷ்பவள்ளி பதில் சொல்லும் முன் சுவேதா சொன்னாள். "இவங்க எங்க வீட்டுல துணி வெளுத்தவங்கதான் சார். ஏன் நிறுத்தினோம்னு அவங்களையே கேளுங்க."

சிரிப்பு நின்றது. மேனேஜர் கேட்டார். "ஏம்மா நிறுத்துனாங்க?"

சொல்ல வேண்டியது சின்ன விஷயம். இந்தப் பெண்ணைக் கேட்டு வந்தார்கள், நான் பேசவில்லை, வரன் நின்றது, அந்தக் கோபம். இவ்வளவுதான். ஆனால் அதைச் சொன்னால், பெண்ணின் நின்றுபோன கல்யாணத்தை அவள் வேலை பார்க்கிற இடத்தில், ரெண்டு அன்னியர் முன்னால் போட்டு உடைத்ததாகும். புஷ்பவள்ளி சொல்ல மாட்டாள் என்று சுவேதாவுக்குத் தெரியும். நிச்சயமாகத் தெரிந்துதான் கேட்டாள்.



"ஏதாவது பொருள் காணாம போச்சா?" என்று மேனேஜர் கேட்டார். "இங்க துணி ரூம் சாவியே உங்ககிட்டதான் இருக்கும். அதனாலதான் கேக்கறேன்."

இல்லை என்றால் பிறகு ஏன் என்ற கேள்வி வரும்; புஷ்பவள்ளி அதற்கும் வாய் திறக்கவில்லை.

"நான் எதுவும் சொல்ல விரும்பல சார். அம்மா ஒரு பட்டுப்புடவைன்னு சொன்னாங்க. எனக்கு அதுல சம்பந்தமில்ல" என்றாள் சுவேதா.

பெஞ்சிலிருந்து அந்தத் திரை ரெண்டு எட்டு தூரம். புடவை பீரோவில் இருக்கிறது என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். ஜெபமாலையைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வரும்போது பஸ் ஆலப்பாக்கம் தாண்டியது. அவள் சொன்னாள். "நான் படிக்காத கேள்வி ஒண்ணுகூடப் பாப்பா கேக்கலக்கா."

மறு வருடம் பாதம் போனது. அதற்கடுத்த மழைக்காலத்தில் முழங்கால் வரைக்கும் எடுத்தார்கள். டாக்டர் சொன்ன வரிசையிலேயே போனது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்து இஸ்திரி மட்டும் போட ஆரம்பித்தாள். நோட்டின் தாள்களைக் கிழித்து இஸ்திரி சூடு பார்த்தாள். தாள் பழுப்பானால் பருத்திக்குச் சரி.

அந்த வீட்டில் பெரிய துவைக்கிற மெஷின் வாங்கினார்கள். ஆனால் ஒரு வரனும் அமையவில்லை. மூன்று பேர் வந்தார்கள், மூன்று பேரும் போனார்கள். "வெளுக்கறவளே வாயத் தெறக்கலையாம்" என்ற பேச்சு கடலூர்வரை போயிருந்தது. திருட்டுப் பட்டம் கட்டியதும் வேலை செய்தது, வேறு விதமாக. விஷயம் தெரிந்தவள் என்பதால்தான் திருடி என்று துரத்தினார்களோ என்று ஊர் பேசியது.

தானே புயல் அடித்துக் கரண்டு போனபோது மெஷின் நின்றது. நாள் போகப் போகத் துணி மலையாகக் குவிந்தது. ராமாமிர்தம் அம்மா என்னிடம் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "புஷ்பாகிட்ட குடுத்து வுடேன், யாரையாவது வச்சுத் தொவைச்சுத் தருவாளா பாரு." புஷ்பவள்ளி பக்கத்து வீட்டுப் பெண்ணை வைத்துத் துவைத்து, தானே இஸ்திரி போட்டு அனுப்பினாள். குறி போடவில்லை.

ரெண்டாயிரத்துப் பன்னிரண்டு தை மாதம் வடலூரிலிருந்து ஒரு வரன் வந்தது. சுவேதாவுக்கு இருபத்தெட்டு வயது. மாப்பிள்ளையின் அத்தை தங்கம்மாள் விசாரிக்க வருகிறார் என்று தெரிந்ததும் அம்மாவும் மகளும் புஷ்பவள்ளி வீட்டுக்கே வந்துவிட்டார்கள். தட்டில் பழம், புடவை. அந்த வாசலில் அவர்கள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

"அந்தப் பட்டுப்புடவை கெடைச்சிடுச்சு புஷ்பா" என்றார் ராமாமிர்தம் அம்மா. "பீரோவுலதான் இருந்துது."

"சந்தோசங்கம்மா."

"நீ சொன்னாதான் இது நடக்கும் புஷ்பா" என்றாள் சுவேதா. பழையபடி நீ. புஷ்பவள்ளிக்குக் கால் இல்லாததைப் புடவை மறைத்திருந்த இடத்தைப் பார்த்தாள், சட்டென்று பார்வையை எடுத்துக்கொண்டாள். "நல்ல பொண்ணுன்னு ஒரு வார்த்த. என் லைஃபே அதுல இருக்கு."

"வரட்டும் பாப்பா" என்றாள் புஷ்பவள்ளி. தட்டைத் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் குழம்புச் சட்டியோடு அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். தங்கம்மாள் வந்தார். நல்ல மாதிரியான பெண்மணி. காலைப் பார்த்து "ஐயோ பாவமே" என்று உச்சுக்கொட்டி, கீழே பாயில் உட்கார்ந்துகொண்டார்.

"உங்கிட்ட கேட்டா உண்மை வரும்னாங்க தாயி. அந்தப் பொண்ணு சுவேதா எப்புடி? எங்க பையன் சாது. அதான் பயம்."

புஷ்பவள்ளி ஒரு சட்டைக் காலரில் தண்ணீர் தெளித்தாள். இஸ்திரிப் பெட்டியை வைத்து இழுத்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "நல்ல பொண்ணுங்கம்மா. நான் அந்த வூட்டுல சமைக்கிறவ. பத்து வருசத்துக்கு மேல பாக்கறேன்."

"சமைக்கிறவ திங்கற சோத்துக்குச் சொல்லுவ" என்றார் தங்கம்மாள், சிரித்துக்கொண்டே. "வெளுக்கிறவ சொல்லட்டும்."

புஷ்பவள்ளி காலரைத் திருப்பிப் போட்டாள். கை மடிப்பைத் தேய்த்தாள். பொத்தான் பட்டியைத் தேய்த்தாள். மடித்து, விரலால் நீவி, பக்கத்தில் அடுக்கிவிட்டு அடுத்த சட்டையை எடுத்து உதறினாள். தங்கம்மாள் காத்துக்கொண்டே இருந்தார். அவர் முகம் மாறுவதை நான் பார்த்தேன்.

"புரிஞ்சுது தாயி" என்று எழுந்தார். "ஏழைன்னாலும் நல்ல மனசு ஒனக்கு. பொய் சொல்ல வரல பாரு." அவளைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

நான் அவளைப் பார்த்தேன். "ஏன்டி?"

"எங்க மாமியா சொன்னதுதானக்கா. நல்லதும் சொல்லக் கூடாது, கெட்டதும் சொல்லக் கூடாது."

அது உண்மைதான். கட்டளையை அவள் மீறவில்லை. ஆனால் எல்லாரிடமும் சொல்லி அனுப்புகிற அந்த ஒரு வரி, எந்த வீட்டுப் பேச்சும் பேசுவதில்லை, யாரை வேண்டுமானாலும் கேளுங்கள் என்பது, அதை அன்றைக்கு அவள் சொல்லவில்லை. அவள் வாயிலிருந்து அந்த வரி வராமல் போனது அது ஒரு தடவைதான். அதை நானாவது சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை என்று பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். அது பொய். தங்கம்மாள் செருப்புப் போடும்போதே தோன்றியது. புஷ்பவள்ளி மடித்து வைத்திருந்த, முழங்காலோடு நின்றுபோன அந்தக் காலையும் பார்த்தேன். சும்மா இருந்துவிட்டேன்.

முதல் வரன் நின்றபோது ரெண்டு நாள் பட்டினி கிடந்தவள் அவள். அன்றைக்கு அடுப்பை மூட்டி அப்பளம் சுட்டாள். எனக்கும் போட்டுத் தனக்கும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"கொழம்பு நல்லாருக்குக்கா. இன்னும் ஒரு கரண்டி ஊத்து" என்றாள்.

ஊற்றினேன்.